தோளை முன்னால தள்ளுங்க

மூச்சம்மாவுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. அது சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது. ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு நாள் முழுக்க, "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, பிடிங்க... ம், விடுங்க!" என்று அவள் போடும் சத்தத்துக்கு ஊழியர்கள் கூடி வைத்த பெயர்தான் நிலைத்தது. எதிர் அறையில் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்து படுத்திருந்த ஒருவர் அந்தச் சத்தத்துக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் சிவந்துபோனார் என்று ஒரு கதை உலவியது. அவள் அதை மறுத்ததில்லை.

நெஞ்சுப் படம் எடுப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. நம் முதுகில் இரண்டு தோள்பட்டை எலும்புகள் இருக்கின்றனவே, அவை நெஞ்சுப் படத்துக்கு ஜென்ம விரோதி. சும்மா நிற்க வைத்து எடுத்தால் நுரையீரலின் மேல்பாதியில் வந்து சப்பணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். பின்னால் சளி இருக்கிறதா, புண் இருக்கிறதா என்று ஒன்றும் தெரியாது. அதனால் ஆளை ஸ்டாண்டில் நெஞ்சு ஒட்ட நிற்க வைத்து, இரண்டு கையையும் இடுப்பில் ஊன்றச் சொல்லி, "தோளை முன்னால தள்ளுங்க, இன்னும் தள்ளுங்க" என்று தள்ள வைக்க வேண்டும். அப்போது எலும்பு இரண்டும் விலகிப் படத்தின் ஓரத்துக்குப் போய்விடும். மூச்சம்மா அதோடும் விடமாட்டாள். ஓரத்தில் எட்டிப் பார்க்கிற எலும்பையும், கதிர் விழுகிற வெளிச்சக் கட்டத்தைச் சுருக்கி வெளியே தள்ளிவிடுவாள். நுரையீரல் படத்தில் தோள்பட்டைக்கு என்ன வேலை என்பது அவள் கட்சி.

அந்தக் கட்சியில் சேராத ஒரே ஆள் சாய்வு. அவளுக்குப் பத்து வயது இளையவன், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், அதே அறையில் வேலை. அவன் எடுக்கிற படத்தில் ஆள் எப்போதும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தே நிற்பார். பெயர் வைத்தது மூச்சம்மாதான். இப்போது அவன் பெண்டாட்டியே போனில், "சாய்வு இருக்காரா?" என்று கேட்கிறாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் படத்தைத் திரையில் பார்த்ததும் மூச்சம்மா ஒரே வார்த்தை சொல்வாள். "ரிப்பீட்." அவன் வாயைத் திறக்காமல் போய் மறுபடி எடுப்பான்.

ஊழியர்களுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை நெஞ்சுப் படம் உண்டு. நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு அவன் எடுத்தபோது வலது எலும்பு நுரையீரல் மேல் நன்றாகக் கவிழ்ந்து விழுந்திருந்தது. அறையில் நாலு பேர் இருந்தார்கள். மூச்சம்மாவுக்கு அது போதாதா?

"இது என்ன, நெஞ்சுப் படமா? இல்ல என் தோள்பட்டைக்கு வரன் பாக்கறதுக்கு எடுத்தியா?"

"அக்கா, உங்க வலது தோள் முன்னால வரவே இல்ல."

"எனக்கே பாடம் எடுக்கறியா நீ? ரிப்பீட்."

மறுதடவை பல்லைக் கடித்துக்கொண்டு தோளை ஒரு தள்ளு தள்ளினாள். படம் பளிங்கு மாதிரி வந்தது. நாலு பேரும் சிரித்தார்கள். சாய்வும் சிரித்து வைத்தான். விஷயம் அத்தோடு முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

எக்ஸ்ரே குழாய் கூரையிலிருந்து தொங்கும். கையை உயர்த்திப் பிடித்து இழுத்தால்தான் இருக்கிற இடத்தை விட்டு நகரும். போன வருஷத்திலிருந்து அவள் அதை இழுக்கும்போதெல்லாம் முதுகுக்குள் 'களக்' என்று ஒரு சத்தம் வந்தது. வலியும் கூடவே வந்தது. ஆயிரம் தடவை கையைத் தூக்குகிற வேலை, சதை பிடித்திருக்கும் என்று அவளே வைத்தியம் பார்த்துத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் என்று ஒன்று வந்தால் அவருக்குக் காது கூர்மையாகிவிடும்.

"உருளையில சத்தம் வருதுன்னா கிரீஸ் போடணும். இல்லைன்னா கழட்டிப் பாக்கணும்."

"என்னைக் கழட்டறதுலயே இருங்க."

"சத்தம் மட்டும் இல்லம்மா. நீ குனியறப்ப பாக்கறேன், வலது பக்கம் எலும்பு தனியா எந்திரிச்சு நிக்குது. சிறகு முளைக்குதா என்ன?"

"பறந்து போயிடுவேன்னு பயமா?"

"ஒத்தைச் சிறகுல எங்க பறப்ப? சுத்திச் சுத்தி இங்கயேதான் வந்து விழுவ."

அவள் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். குளியலறையில் இடது கையைப் பின்னால் வளைத்துத் தடவிப் பார்த்தபோது எலும்பின் உள்ஓரத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

மறுநாள் நடைபாதையில் ஆஸ்பத்திரியின் பொது அறுவை டாக்டரைப் பிடித்துக் காட்டினாள். அவருக்கு எல்லாமே அவசரம். நடந்துகொண்டே அமுக்கிப் பார்த்தார். "கொழுப்புக் கட்டி. நாளைக்கு டீ டயத்துல வா, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்து எறிஞ்சுடலாம்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். மூச்சம்மாவுக்கு ரொம்பத் திருப்தி. லீவுகூடப் போட வேண்டியதில்லை.

சாய்வுதான் குறுக்கே நின்றான்.

"படம் எடுத்தாச்சா அக்கா?"

"கொழுப்புக் கட்டிக்கு எதுக்குடா எக்ஸ்ரே?"

"ஊருக்கெல்லாம் நீங்கதானே சொல்வீங்க? படம் பாக்காம கத்தி வைக்கறவன், கண்ணைக் கட்டிக்கிட்டு சவரம் பண்றவன்னு."

தான் சொன்னதைத் தனக்கே திருப்பிச் சொன்னால் யாருக்குத்தான் பிடிக்கும்? முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய் நின்றாள். தோள்பட்டை எலும்பைப் பக்கவாட்டில் பார்க்க ஒரு படம் உண்டு. ஆளை நேராகவும் நிறுத்தக் கூடாது, முழுசாகவும் திருப்பக் கூடாது. அளவாகச் சாய்த்து நிறுத்தினால்தான் எலும்பு கவட்டைக் குச்சி மாதிரி தனியாகத் தெரியும். கை பழகினவர்களுக்கே இரண்டு மூன்று தடவை எடுத்தால்தான் அமையும். சாய்வுக்கு முதல் தடவையே அமைந்துவிட்டது.

"வாழ்க்கையிலயே முதல் தடவையா சாய்க்க வேண்டியதைச் சாய்ச்சிருக்கே!" என்று சிரித்துக்கொண்டே திரையின் முன்னால் வந்தாள்.

எலும்பின் விலா பக்கத்தில், கவட்டையின் காம்பை ஒட்டி, ஒரு கட்டி பிதுங்கியிருந்தது. அது கொழுப்பு இல்லை. கொழுப்புக்குள் இப்படிச் சுண்ணாம்புப் புள்ளிகள் இருக்காது. எலும்பிலிருந்தே முளைத்து, குருத்தெலும்பு மூடி, முரடாக நின்றது. இருபது வருஷமாகப் படம் பார்த்த கண் அவளுடையது. யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சாய்வு திரையைப் பார்க்கவில்லை. ரிப்பீட் என்று சொல்லமாட்டாளா என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் சொல்லவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தன் பழைய நெஞ்சுப் படங்களை வருஷ வாரியாகத் திறந்தாள். எல்லாம் பளிங்கு. நுரையீரல் இரண்டும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. தோள்பட்டை எலும்பு ஒன்றிலும் இல்லை. வருஷா வருஷம் அவளே நின்று, அவளே தள்ளி, அவளே கட்டத்தைச் சுருக்க வைத்து, அந்தக் கட்டியைப் படத்துக்கு வெளியே அனுப்பியிருக்கிறாள். அவ்வளவு சுத்தமான வேலை.

டீ டயம் டாக்டரிடம் போகவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் எலும்புக் கட்டிகளுக்கென்றே ஒரு டாக்டர் இருந்தார். அவர் பேசுவது நிதானம், நடப்பது நிதானம், பேனா மூடியைத் திறப்பதே ஒரு சடங்கு. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் அவருக்கு நிதானம் என்று பெயர் வைத்துவிட்டார். எம்.ஆர்.ஐ., சி.டி. எல்லாம் எடுத்த பிறகு நிதானம் படங்களை வெளிச்சத்தில் மாட்டினார்.

"தோள்பட்டை எலும்புல கட்டி வர்றதே அபூர்வம். வந்தாலும் சதைக்கு அடியில ஒளிஞ்சுக்கும், அதனால லேட்டாத்தான் தெரியும். சின்ன வயசுலயே முளைச்சு, வளர்த்தி நின்னதும் அதுவும் நின்னுபோற சாதுக் கட்டி ஒண்ணு இருக்கு. ஆனா உங்களுக்கு மேல இருக்கற குருத்து தடிச்சிருக்கு, வலியும் வந்திருக்கு. அது புத்தியை மாத்திக்கிட்டு புற்றா ஆகியிருக்கலாம்."

"என்ன பண்ணுவீங்க?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மெதுவா வளர்ற ரகம்னா, கட்டி இருக்கற பாதி எலும்பை மட்டும் எடுத்துட்டு, கை மாட்டியிருக்கற கிண்ணத்தை விட்டுடலாம். கை ஓரளவு மேல போகும். வேகமான ரகம்னா எலும்பு முழுசையும் எடுக்கணும். விரல் வேலை செய்யும், முழங்கை வேலை செய்யும், தோள் தூக்காது. அந்த ரகம் நுரையீரலுக்கும் போகும்."

மூச்சம்மாவுக்குக் கூரையிலிருந்து தொங்கும் குழாய்தான் முதலில் கண்ணில் வந்தது. அதற்கப்புறம்தான் நுரையீரல் வந்தது. அப்படி வந்ததற்காக அவளுக்கே வெட்கமாக இருந்தது.

முதுகில் ஊசி போட்டுத் துணுக்கு எடுக்கும் முன்னால் நிதானம் பேனாவால் ஒரு நீளக் கோடு போட்டார். நாளைக்கு எந்தக் கோட்டில் அறுக்கப் போகிறாரோ அந்தக் கோட்டில்தான் இன்றைக்கு ஊசி போக வேண்டுமாம். ஊசி போன தடத்திலும் கட்டியின் விதை ஒட்டியிருக்கலாம், அதையும் சேர்த்து எடுத்துவிட வேண்டுமாம்.

"அப்போ கொழுப்புக் கட்டின்னு யாராவது தோண்டி எடுத்திருந்தா?" என்று அவள் கேட்டாள்.

நிதானம் பேனாவை மூடினார். "பூரா சதையிலயும் தூவி விட்டிருப்பாங்க. நான் இப்ப கையைக் காப்பாத்தறதைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்க மாட்டேன்."

துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்தவருக்கும் குழப்பம். இந்தக் குருத்துக் கட்டிகள் துணுக்கில் நல்லபிள்ளை வேஷம் போடுமாம். மெதுவான ரகம் மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் சத்தியம் பண்ணமுடியாது என்று எழுதியிருந்தார்.

"பழைய படம் ஏதாவது இருந்தா நல்லாருக்கும்" என்றார் நிதானம். "ஒரு வருஷத்துல வளர்ந்ததா, பல வருஷமா இருக்கறதான்னு தெரிஞ்சா பாதி சந்தேகம் தீர்ந்துடும். எக்ஸ்ரேலயே வேலை பாக்கறீங்க, இருக்குமே?"

"இருக்கு. எதுலயும் தோள்பட்டை இல்ல" என்றாள் மூச்சம்மா. அவர் புரியாமல் பார்த்தார். அவளுக்கு விளக்கத் தெம்பில்லை.

மறுநாள் லீவு எழுதிக் கொடுக்க வேலைக்கு வந்தவளிடம் சாய்வு சுற்றிச் சுற்றி வந்தான். தொண்டையைக் கனைத்தான். எக்ஸ்ரே பிளேட்டைத் துடைத்தான். துடைத்த பிளேட்டையே மறுபடி துடைத்தான்.

"என்னடா வேணும் உனக்கு?"

"திட்டக் கூடாது."

"திட்டுவேன். சொல்லு."

கழித்த படங்களையெல்லாம் போட்டு வைக்கிற குப்பைப் பெட்டி ஒன்று கம்ப்யூட்டரில் உண்டு. அவ்வப்போது அது தானாகவே காலியாகிவிடும். காலியாகாமல் பூட்டி வைத்த ஒரே படத்தை அவன் திறந்தான். வலது தோள்பட்டை எலும்பு நுரையீரல் மேல் கவிழ்ந்து விழுந்திருந்தது. எலும்பின் உள்ஓரத்தில் எலுமிச்சை அளவில், சுண்ணாம்புப் புள்ளிகளோடு, அந்தக் கட்டி. நாலு பேர் முன்னால் அவள் வரன் பார்த்த படம்.

"இதை எதுக்குடா வெச்சிருந்தே?"

"அன்னிக்கு உங்க தோள் முன்னால வரல அக்கா. என் தப்பு இல்ல. என்னைக்காவது ஒருநாள் நாலு பேர் முன்னால நிரூபிக்கணும்னு வெச்சிருந்தேன்."

"நாலு வருஷமாவா?"

"நீங்க லேசுல மாட்டலையே."

தோள் ஏன் முன்னால் வரவில்லை என்று இப்போது இரண்டு பேருக்கும் தெரிந்தது. அடியில் கட்டி முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தால் எலும்பு எப்படி நழுவும்? அவன் கண் கலங்கியிருந்தது. "அன்னிக்கே நானும் எலும்பைப் பாக்கலக்கா. உங்களை ஜெயிக்கறதைத்தான் பாத்தேன்" என்றான்.

"நானும்தான்" என்றாள் மூச்சம்மா. அவன் தலையில் லேசாக ஒரு குட்டு வைத்தாள். வலது கையால்தான் வைத்தாள். வலித்தது, ஆனாலும் வைத்தாள்.

நிதானம் அந்தப் படத்தை வழக்கத்தைவிட நிதானமாகப் பார்த்தார். துணுக்கைப் பார்த்தவரையும் படம் படிக்கிறவரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மூன்று பேரும் ரொம்ப நேரம் பேசினார்கள். பிறகு வெளியே வந்து சொன்னார்.

"நாலு வருஷத்துல கொஞ்சம்தான் வளர்ந்திருக்கு. வேகமான ரகத்துக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. இது சோம்பேறி. பாதி எலும்பை எடுத்தாப் போதும்."

வீட்டுக்காரர் நீண்ட பெருமூச்சு விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "நம்ம வீட்டுல ஒருத்தரும் சோம்பேறியா உக்காந்திருக்க நீ விட்டதில்லையே. இதை மட்டும் எப்படி இத்தனை வருஷம் விட்டே?"

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கவே அழுகை வந்துவிட்டது. இத்தனை நாளும் அழாததற்கெல்லாம் சேர்த்து அழுதாள். அவர் அவள் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார்.

"கதிர் சிகிச்சை எதுவும் வேண்டாமா டாக்டர்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"இந்த ரகம் கதிருக்கும் மசியாது, மருந்துக்கும் மசியாது. கத்திக்கு மட்டும்தான்."

இருபது வருஷம் கதிரை நம்பியே சோறு தின்றவளுக்கு அது கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

ஆபரேஷனில் ஊசித் தடம், கட்டி, அதைச் சுற்றிய சதை, கீழ்ப்பாதி எலும்பு எல்லாம் ஒரே பொட்டலமாக வெளியே வந்தன. கட்டியின் மேல் கத்திகூடப் படவில்லை. கிண்ணம் தப்பியது. பிறகு கை தூளியில் தொங்கிய காலம், விரலால் சுவரில் ஏறிப் பழகிய காலம். ஒவ்வொரு நாளும் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "கிரவுண்ட் ஃப்ளோர்... ஃபர்ஸ்ட் ஃப்ளோர்..." என்று அறிவிப்பார். கை முகத்துக்கு நேரே வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் ஏறவில்லை.

"மொட்டை மாடிக்கு சர்வீஸ் இல்ல போல" என்றாள் அவள்.

"தலை சீவ முடியுதா?"

"முடியுது."

"என்னை அடிக்க முடியுதா?"

"அது நல்லாவே முடியுது."

"அப்போ போதும். மொட்டை மாடியில துணி நான் காயப்போட்டுக்கறேன்."

முதல் சோதனைக்கு நாள் வந்தது. கட்டி போய்விட்டாலும் அதன் விதை ஏதாவது நுரையீரலில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார் நிதானம். மூச்சம்மா தன் அறைக்கே வந்தாள். கூரைக் குழாயின் கைப்பிடியில் பழைய பையின் வார் ஒன்று முடிச்சுப் போட்டுத் தொங்கியது. இழுத்துப் பார்த்தாள். முகத்துக்கு நேராகவே கை எட்டியது, குழாய் நகர்ந்து வந்தது. முடிச்சு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"கட்டினது யாருன்னு கேக்க வேண்டியதில்ல" என்றாள்.

"நகருதா இல்லையா?" என்றான் சாய்வு.

ஸ்டாண்டில் நெஞ்சு ஒட்ட நின்றாள். இடுப்பில் கை ஊன்றினாள். இத்தனை வருஷம் எத்தனை பேரை இப்படி நிற்க வைத்திருப்பாள்! அவர்கள் எல்லோரும் உள்ளுக்குள் என்ன நினைத்துக்கொண்டு நின்றார்கள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. பிளேட் சில்லென்று இருந்தது.

"தோளை முன்னால தள்ளுங்கக்கா. முடிஞ்ச வரைக்கும் போதும்" என்றான் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. "மூச்சை இழுங்க. பிடிங்க."

பிடித்தாள். இயந்திரம் கிர்ரென்றது, நின்றது. அதற்கப்புறம் சத்தமே இல்லை. பிடித்துக்கொண்டே நின்றாள். கண்ணாடிக்குப் பின்னால் சாய்வு திரையில் முகத்தைப் புதைத்து நின்றுகொண்டிருந்தான். வலது நுரையீரல், இடது நுரையீரல், மறுபடி வலது என்று தேடிக்கொண்டிருந்தவனுக்கு ஸ்டாண்டில் ஒரு ஆள் நிற்பதே மறந்துவிட்டது.

"டேய்!" என்றாள், மூச்சு முட்டி. "விடுங்கன்னு சொல்லுடா!"

"விடுங்கக்கா, விடுங்க! ஒண்ணும் இல்லக்கா! சுத்தமா இருக்கு!"

அவள் வந்து தானே பார்த்தாள். இரண்டு நுரையீரலும் காலி. ஓர் ஓரம் விடாமல் கண்ணை ஓட்டினாள். ஒரு புள்ளி இல்லை. ஆள் நேராக நின்றிருந்தாள், எந்தப் பக்கமும் சாயவில்லை. வலது எலும்பு பாதிதான் மிச்சம், அது மறைக்க ஒன்றுமில்லை. இடது எலும்பை அவன் அழகாக ஓரத்துக்குத் தள்ளி, கட்டத்தையும் சுருக்கியிருந்தான். அவள் சொல்லிக்கொடுத்தபடியே, பளிங்கு மாதிரி ஒரு நெஞ்சுப் படம். சாய்வு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பாராட்டுக்குக் காத்திருந்தான்.

"ரிப்பீட்" என்றாள் மூச்சம்மா.

அவன் முகம் தொங்கிப்போனது. "வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து ரிப்பீட் இல்லாம ஒழுங்கா வந்த ஒரே நெஞ்சுப் படம் அக்கா! இதுல என்ன தப்பு?"

"டாக்டருக்கு இதைக் கொடு. எனக்கு இன்னொண்ணு எடு. தோள்பட்டை இதுலயும் காணோமே" என்று சொல்லிவிட்டு, திரும்பப் போய் ஸ்டாண்டில் நின்றாள். இந்தத் தடவை அவள் தோளை முன்னால் தள்ளவில்லை.